லோகாட் ஏன் புளிக்கிறது? ஒரு பழத்தின் பெயரும் தோலும் சொல்லும் வரலாறு

மார்ச் மாதக் கடைசியில் தில்லித் தெருக்களில் ஆரஞ்சுப் பழங்களின் வரத்து ஓயத் தொடங்கும். மாம்பழம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கும். இந்த இடைவெளியில் தள்ளுவண்டிகளில் மஞ்சள் நிறச் சிறு பழம் ஒன்று சில வாரங்கள் மட்டும் தோன்றி மறைகிறது. முட்டை வடிவம், மெல்லிய பூனைமயிர் படர்ந்த தோல், உள்ளே பளபளக்கும் பழுப்பு விதைகள். இந்தியிலும் உருதுவிலும் அதற்கு லோகாட் அல்லது லுகாட் என்று பெயர்.

இப்பழத்தைப் பற்றி வட இந்தியாவில் இருவகைச் சாட்சியங்கள் உண்டு. வண்டியில் வாங்கித் தின்றவர்கள் அதைப் புளிப்புப் பழம் என்பார்கள். சதை குறைவு, விதை மிகுதி, கொடுத்த காசுக்குப் பயனில்லை என்பார்கள். டேராடூனிலோ காங்ராவிலோ வீட்டு முற்றத்தில் ஒரு மரம் நின்ற குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அதைத் தேன் என்பார்கள். இரண்டாவது சாட்சியத்தைக் கேட்பவர் பெரும்பாலும் புன்னகைத்து விட்டுவிடுகிறார். பிள்ளைப் பருவத்து நினைவு எதையும் இனிக்கச் செய்யும் என்பது அவரது முடிவு.

அந்த முடிவு தவறு. இரு சாட்சியங்களும் உண்மையே. இரண்டு பேரும் ஒரே மரத்தின் பழத்தைத் தின்றிருந்தாலும், ஒரே பழத்தைத் தின்றவர்கள் அல்லர். ஒரு பழம் இப்படி இரண்டாகப் பிரிந்தது எவ்வாறு என்பது தாவரவியலோடு மட்டும் முடிந்துவிடும் கேள்வியன்று. அதில் வணிக வரலாறும் நில உடைமையின் வரலாறும் கலந்திருக்கின்றன. சொல் வரலாற்றிலிருந்து தொடங்குவது எளிது.

லோகாட் இந்தியாவின் பழைய பழங்களுள் ஒன்றன்று. பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்துப் பழங்களை மா, வாழை, நாவல், பலா, இலந்தை, நெல்லி என்று ஒவ்வொன்றாக எடுத்து விவரிக்கிறார். அப்பட்டியலில் லோகாட் இல்லை. இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில், உப்பு மலைத்தொடரில் உள்ள கல்லர் கஹார் என்னும் ஊர் அதன் லோகாட் தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. பாபர் அமைத்த தோட்டம் ஒன்றும் அதே ஊரில்தான் இருந்தது. இரண்டையும் இணைத்து, இது முகலாயர் கொணர்ந்த பழம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பழத்தின் பெயரே அதை மறுக்கிறது. முகலாயர் வழியாக வந்த பழங்களுள் பல பாரசீகப் பெயரோடு வந்தன. லோகாட் என்பது பாரசீகச் சொல் அன்று. அது தென்சீனத் துறைமுகம் ஒன்றின் பேச்சுமொழிச் சொல்.

மரத்தின் தாயகம் சீனத்தின் தென்-நடுப் பகுதி. சீனப் பொதுமொழியில் அதன் பெயர் பீபா. அதே ஒலியுடைய நரம்பிசைக் கருவி ஒன்றும் அங்கு உண்டு. எழுத்துகள் மட்டும் வேறு. ஜப்பானிய மொழியில் பழமும் இசைக்கருவியும் பீவா என்றே வழங்குகின்றன. ஆக, தாயகத்தில் இப்பழத்துக்கு ஐயத்துக்கிடமில்லாத பெயர் ஒன்று இருந்தது. ஆனால் உலகின் பெரும்பகுதிக்குப் பரவிய பெயர் அதுவன்று. காண்டன் நகரைச் சுற்றிய பகுதியில் வழங்கிய லோ-க்வாட் என்ற பெயரே ஆங்கிலத்துக்கும் அதன் வழியே இந்திய மொழிகளுக்கும் வந்தது. பொதுமொழி ஒலிப்பில் அது லூ-ஜூ.

அந்தப் பெயர் முதலில் இந்தப் பழத்துக்கு உரியதாக இருக்கவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீமா சியாங்ரு என்ற கவிஞர், பேரரசரின் வேட்டைச் சோலையைப் பாடிய செய்யுளில் அங்குள்ள பழமரங்களை அடுக்குகிறார். அதில் லூ-ஜூவும் வருகிறது, பீபாவும் வருகிறது, தனித்தனியாக. 11ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் சூ ஷி 1094இல் தெற்கே ஹுயிசோவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கு அவர் எழுதிய கவிதை ஒன்றில் பீபாவைக் கருதி லூ-ஜூ என்று சொல்லிவிட்டார் என்பதும், அவர் பெற்றிருந்த செல்வாக்கால் தென்சீனத்தில் அந்த வழக்கே நிலைத்தது என்பதும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 16ஆம் நூற்றாண்டில் மருந்துப் பொருள்களின் பேரகராதியைத் தொகுத்த லி ஷிஜென் இந்தக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டினார். சோலைச் செய்யுளில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் அவை ஒன்றல்ல என்பதே அவரது வாதம். லூ-ஜூ என்பது காயாக இருக்கும்போது கரும்பச்சையாகவும் கனிந்தபின் பொன்னிறமாகவும் மாறும் சிறு கிச்சிலி வகை என்று அவர் விளக்கினார்.

வாதம் சரியானது. ஆயினும் காண்டன் சந்தையில் அது எடுபடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் காண்டனில் நங்கூரமிட்ட காலத்தில் விற்பவர் சொன்ன பெயரே வாங்குபவரின் பெயராயிற்று. கிச்சிலியின் பெயரைச் சுமந்துகொண்டு கிச்சிலி இனத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பழம் கடல் கடந்தது. ஆப்பிள், பேரி, ரோஜா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இப்பெயரின் இறுதி மெய் தனியே கவனிக்கத்தக்கது. பழஞ்சீனச் சொற்களின் ஈற்றில் நின்ற வல்லின மெய்களைக் காண்டன் பேச்சு காத்துக்கொண்டது. வடக்கத்திப் பொதுமொழி இழந்துவிட்டது. ஜூ என்று உயிரில் முடியும் சொல் அங்கு க்வாட் என்று மெய்யில் முடிவது அதனால்தான். இந்தியின் லோகாட் என்ற வடிவில் கடைசியாக நிற்கும் மெய், இச்சொல் ஏறிய துறைமுகத்தின் முத்திரை. அதுமட்டுமன்றி இந்தியில் அது பல்லொலியாக இல்லாமல் வளைநா ஒலியாக நிற்கிறது. ஆங்கிலச் சொற்களின் அவ்வகை மெய்யை இந்திய மொழிகள் பெரும்பாலும் வளைநா ஒலியாகவே ஏற்றிருக்கின்றன. போர்த்துக்கீசியர் இப்பழத்தை நெஷ்பெரா என்று முற்றிலும் வேறு பெயரால் அழைத்தனர். அது மெட்லர் என்னும் ஐரோப்பியப் பழத்தின் பெயர். எனவே சொல் வந்த வழி ஐயமின்றித் தெரிகிறது: காண்டன், ஆங்கிலக் கப்பல், இந்தியத் தோட்டம். மரமும் பெரும்பாலும் அதே வழியில் வந்திருக்க வேண்டும்.

தாவரவியலாரும் பெயரிடுவதில் ஒருமுறை தடுமாறினர். 1712இல் எங்கெல்பெர்ட் கேம்ப்ஃபர் ஜப்பானில் கண்ட இம்மரத்தை விவரித்தார். பின்னர் கார்ல் துன்பெர்க் அதை மெட்லர் பேரினத்தில் சேர்த்து, ஜப்பானுக்கு உரியது என்ற பொருளில் ஜப்போனிகா என்ற அடைமொழியும் கொடுத்தார். 1821இல் ஜான் லிண்ட்லி அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து எரியோபோட்ரியா என்று பெயரிட்டார். கம்பளி, கொத்து என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. பூங்கொத்தின் மேல் அடர்ந்திருக்கும் பழுப்புநிற மயிரைக் குறிப்பது. சீன மரத்துக்கு ஜப்பான் அடைமொழி மட்டும் மாறாமல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லிண்ட்லி லண்டனில் பெயர் சூட்டிய அதே 1821இல் பெங்களூரில் இப்பழம் ஏராளமாகக் காய்த்துக்கொண்டிருந்தது. வெஸ்லியன் சபைப் போதகரும் தமிழ் கற்றவருமான எலைஜா ஹூல், பெங்களூரில் கண்ட லக்காட் என்னும் சீனப் பழத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பிளம் பழத்தைப் போன்றது, பழுத்தால் இனிப்பது, மாவுப் பணியாரங்களில் வைத்துச் சுடுவதற்கும் உணவுக்குப் பின் உண்பதற்கும் ஏற்றது என்பது அவர் தரும் செய்தி. பெங்களூரில் ஆங்கிலப் படைமுகாம் அமைந்தது 1809இல். அதற்குப் பன்னிரண்டே ஆண்டுகளில் இத்தனை மிகுதி என்றால், முகாமின் வீட்டுத் தோட்டங்களில் இம்மரம் எவ்வளவு விரைவாகப் பரவியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

ஹூல் எழுதிய லக்காட் என்ற வடிவம் பிழையான எழுத்துக்கூட்டல் என்று தள்ளத்தக்கதன்று. கன்னடத்தில் இப்பழத்தின் பெயர் இன்றும் லக்கோட்டெ ஹண்ணு. கன்னடத்தில் லக்கோட்டெ என்றாலும் தமிழில் லக்கோட்டா என்றாலும் கடித உறை என்று பொருள். மராட்டியில் லகோட்டா என்று வழங்கும் சொல்லோடு உறவுடையது. புதிதாக வந்த பழத்தின் அயற்பெயர், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு சொல்லின் ஒலியோடு ஒன்றிவிட்டது. மக்கள் வழக்கில் இவ்வகை ஒலி ஒன்றிப்பு இயல்பானது. இதன் பயன் ஒன்று உண்டு. ஒரு சொல் இவ்வாறு உள்ளூர்ச் சொல்லின் உருவம் பெறுமானால், அது துரைமார் மேசையோடு நின்றுவிடவில்லை, தோட்டக்காரர், சமையற்காரர், கூடைக்காரர் வாயிலும் புழங்கியது என்பதற்கு அதுவே சான்று.

ஹூலின் குறிப்பு இன்று பலருக்குத் தெரிவது, ஹாப்சன்-ஜாப்சன் என்று அறியப்படும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியின் வழியாக. ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னலும் தொகுத்த அந்நூல் 1886இல் வெளிவந்தது. 1903இல் வில்லியம் க்ரூக் அதை விரிவாக்கியபோது ஹூலின் சான்றைச் சேர்த்தார். லோகாட் பற்றிய பதிவு இப்பழத்தை இளம்புளிப்புடையது என்று தொடங்குகிறது. காண்டன் ஒலிப்பைச் சரியாகத் தருகிறது. ஆனால் பெயரின் முதற்பகுதியைக் கருமை என்று கொள்ளாமல் நாணல் என்று பொருள் கொள்கிறது. ஒரே ஒலியுடைய இரு சீன எழுத்துகளுக்கிடையே நேர்ந்த மாற்றம் அது. பெயர் பற்றிய குழப்பம் அங்கும் தொடர்ந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சுவை பற்றி அந்த ஒரே பதிவில் இரண்டு கூற்றுகள் நிற்கின்றன: தொகுத்தவர் புளிப்பு என்கிறார், தின்றவர் பழுத்தால் இனிப்பு என்கிறார். தள்ளுவண்டிக்கும் முற்றத்து மரத்துக்கும் இடையிலான வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த வழக்கைத் தீர்க்கப் பழத்தின் இயல்பை அறிய வேண்டும். மா, வாழை, சப்போட்டா, பப்பாளி ஆகியவை பறித்த பின்னும் பழுக்கக்கூடியவை. மா, வாழை போன்றவற்றின் காயிலேயே மாவுப்பொருள் சேர்ந்திருக்கும். மரத்தைவிட்டுப் பிரிந்த பின் அது சர்க்கரையாக மாறும். முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் மூடிவைத்தால் போதும். இந்தியப் பழச் சந்தை முழுவதும் பெரும்பாலும் இந்த இயல்பின்மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. லோகாட் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு வேண்டிய சர்க்கரையைக் கடைசி நாள்வரை மரமே தந்தாக வேண்டும். காம்பை அறுத்த கணத்தில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவுதான், பிறகு ஏறாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தோல் மஞ்சளாவதும் சதை இனிப்பாவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. நிறம் முந்திக்கொள்கிறது. பார்வைக்குப் பழமாகிவிட்ட நிலையிலும் உள்ளே மாலிக் அமிலம் நிறைந்திருக்கும். ஆப்பிளுக்குப் புளிப்பூட்டும் அமிலமும் அதுவே. அதன்பின் கழியும் சில நாள்களில்தான் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறுகிறது. மஞ்சள் அடர்ந்து, தொட்டால் சற்றே இளகும் நிலை வரவேண்டும். வீட்டில் மரம் வைத்திருப்பவருக்கு அந்த நாள்களைக் காத்திருப்பதில் செலவு ஏதும் இல்லை. கிளிகளும் வௌவால்களும் மிச்சம் வைத்தால் போதும்.

வியாபாரிக்கு அந்த நாள்களே இழப்பு. பழுத்த லோகாட்டின் தோல் மிக மெல்லியது. விரல் அழுந்தினாலும், ஒன்றோடொன்று உரசினாலும், அந்த இடம் சிலமணி நேரத்தில் பழுப்பாகிவிடும். முழுக்கப் பழுத்ததைக் கூடையில் அடுக்கி லாரியில் ஏற்றினால் சந்தையில் இறங்குவது கறுத்த குவியலாக இருக்கும். ஒரே கொத்தில் உள்ள பழங்களும் ஒன்றுபோல் பழுப்பதில்லை. ஆகவே பலமுறை மரமேறிப் பார்த்துப் பார்த்துக் கொய்ய வேண்டும். இவையெல்லாம் கூலி. இவற்றையெல்லாம் தவிர்க்க ஒரே வழி, நிறம் திரும்பியவுடன் இறுக்கமாக இருக்கும்போதே பறித்துவிடுவது. தோப்பின் விளைச்சலைப் பூவிலோ பிஞ்சிலோ மொத்தமாகக் குத்தகைக்கு விடும் வழக்கமும் வட இந்தியப் பழத்தோப்புகளில் பரவலானது. அவ்வாறு எடுத்தவர் மழைக்கும் பறவைக்கும் அஞ்சி விரைவில் பறித்து முடிக்கவே விரும்புவார். தள்ளுவண்டியில் கிடைக்கும் லோகாட் புளிப்பது மரத்தின் குணத்தால் அன்று. தோப்புக்கும் வண்டிக்கும் இடையிலான தூரத்தால்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. லிச்சியும் தென்சீனத்துப் பழம். அதன் பெயரும் சீனச் சொல்லே. லிச்சியும் பறித்த பின் பழுக்காது. மரத்திலேயே இனித்தாக வேண்டும். டேராடூன் சமவெளியில் இரண்டும் அடுத்தடுத்த தோட்டங்களில் வளர்ந்தன. ஆனால் இன்று பீகாரின் முசாபர்பூரும் டேராடூனும் லிச்சியின் பெயரால் அறியப்படுகின்றன. முசாபர்பூரின் ஷாஹி லிச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. லோகாட்டுக்கு அத்தகைய பெயர் எந்த ஊருக்கும் இந்தியாவில் வாய்க்கவில்லை. இரண்டுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு தோல். லிச்சியின் மேலோடு சொரசொரப்பானது, தடித்தது. அது சில நாளில் நிறம் மங்கினாலும் உள்ளிருக்கும் சதை கெடுவதில்லை. எனவே அதை மரத்தில் முழுக்கப் பழுக்கவிட்டு, பிறகு கொய்து, ரயிலேற்ற முடிந்தது. முசாபர்பூரின் லிச்சியைத் தில்லியில் வாங்கித் தின்பவர் ஏறத்தாழ முற்றத்து மரத்தின் சுவையையே பெறுகிறார். லோகாட்டுக்கு அந்த மேலோடு இல்லை. சில நாள் தாங்கும் ஓடு ஒன்றே ஒரு பழத்தை மாநிலத்தின் அடையாளமாகவும், இன்னொன்றைச் சில வாரத் தெருப்பண்டமாகவும் ஆக்கிவிட்டது என்றால் மிகையாகாது.

ஆனால் தோலை மட்டும் குறைகூறி நிறுத்திக்கொள்வதும் முழு உண்மையாகாது. ஸ்பெயினின் அலிகாந்தே பகுதியில் கயோசா என்ற ஊர் இதே பழத்தை வளர்த்து ஏற்றுமதி செய்கிறது; அங்குள்ள லோகாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் காப்புற்ற தோற்றப்பெயர் உண்டு. ஜப்பானில் நாகசாகிப் பகுதியில் பிஞ்சுப் பருவத்திலேயே பழத்துக்குக் காகித உறையிட்டுக் காக்கிறார்கள்; கொய்ததைத் தொட்டும் தொடாமலும் பெட்டியில் அடுக்குகிறார்கள். அங்கும் தோல் மெல்லியதுதான். மெல்லிய தோலுக்கு வேண்டிய கூலியும் பெட்டியும் விலையில் சேர்க்கப்படுகின்றன; வாங்குபவர் அதைக் கொடுக்கிறார். இந்தியாவில் அந்த ஏற்பாடு உருவாகவில்லை. மாம்பழத்துக்காகக் காத்திருக்கும் சந்தையில், இடைவெளியை நிரப்ப வந்த மலிவான பழம் என்ற இடமே அதற்குக் கிடைத்தது. மலிவான பழத்துக்கு யாரும் உறையிட மாட்டார்கள். உறையிடாத பழம் இனிக்கும்வரை காத்திருக்க முடியாது. இனிக்காத பழத்துக்கு யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள். இந்த வட்டம் தானாகவே சுழன்றுகொண்டிருக்கிறது.

வட இந்தியாவில் தெரிந்தெடுக்கப்பட்ட வகைகளின் பெயர்களும் இதையே காட்டுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1817இல் எடுத்து நடத்திய சகாரன்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் சுற்றுவட்டாரமும் பஞ்சாபும் இப்பழம் தழைத்த நிலங்கள். நாளடைவில் அறியப்பட்ட வகைகள்: கோல்டன் யெல்லோ, பேல் யெல்லோ, லார்ஜ் ரவுண்ட், மேமத், ஃபயர் பால், சஃபேதா, லார்ஜ் ஆக்ரா. பொன்மஞ்சள், வெளிர்மஞ்சள், பெரிய உருண்டை, பேருரு, நெருப்புருண்டை, வெள்ளை என்று அவை பொருள்படும். நிறமும் அளவும் பெயராகியிருக்கின்றன. சுவையைச் சுட்டும் பெயர் இவற்றுள் ஒன்றும் இல்லை. கூடையில் பார்த்ததும் தெரிவதே பெயரானது. ஜப்பானிலிருந்து வந்த தனகா என்ற வகை மட்டும் மனிதப் பெயரைத் தாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாகசாகிப் பழத்தின் விதையிலிருந்து அதை வளர்த்தெடுத்த தனகா யோஷியோ என்னும் தாவரவியலாரின் பெயர் அது. தெரிவு செய்தவர்கள் சுவையை அறியாதவர்கள் என்று இதற்குப் பொருளன்று. பெயர் என்பது வாங்குபவருக்குத் தரப்படும் வாக்குறுதி. கொடுக்க முடியாத சுவையை விடுத்து, கொடுக்க முடிந்த நிறத்தை அந்தப் பெயர்கள் வாக்களித்தன.

இனி முற்றத்து மரத்துக்குத் திரும்பலாம். அதைப் பற்றிய ஏக்கம் எளிதில் மிகையாகிவிடும். பழுத்த லோகாட்டின் இனிப்பு, எல்லாரும் அனுபவித்துப் பின்னர் இழந்த பொதுச்செல்வம் ஒன்றன்று. பெங்களூர் முகாமின் தோட்டவீடுகளும், கூர்க்கர் போரின்போது 1815இல் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த டேராடூன் சமவெளியின் பங்களாக்களும், பின்னர் அவற்றில் குடிபுகுந்த அதிகாரிகளின், வழக்கறிஞர்களின் வீடுகளும் நிலம் உடையவர்களின் இடங்கள். மரம் வைக்க இடம், அது பலன் தரும்வரை பொறுத்திருக்க வசதி, பழத்தை விற்றாக வேண்டிய தேவையின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தவர்களுக்கே அது இனித்தது. அத்தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பழம் இனிக்கும் நாளை உடையவரைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். அறிந்ததனால் அது அவர்களுக்குக் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. மதிலேறிய சிறுவர்களுக்குக் கிடைத்திருக்கலாம். நிலமில்லாதவருக்கு எஞ்சியது தள்ளுவண்டி, அதாவது புளிப்பு. ஒரே பழத்தின் இரு சுவைகளுக்கிடையே ஓடும் கோடு, வீட்டுமனை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே ஓடும் கோட்டோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

இப்போது அந்தக் கோடும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் புதிய மாநிலம் உருவாகி டேராடூன் அதன் தலைநகரானபின் நகரம் தோப்புகளின்மேல் விரிந்தது. பெங்களூரின் பழைய வளாகங்கள் அடுக்ககங்களாகிவிட்டன. லிச்சித் தோப்பு வெட்டப்பட்டால் செய்தியாகிறது. அதற்குச் சந்தைமதிப்பு உண்டு, சங்கம் உண்டு, புவிசார் பெயர் உண்டு. சுவரோரத்தில் தனியாக நின்ற லோகாட் மரம் விழுந்தால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மரத்தோடு போவது ஓர் அளவுகோலும்கூட. பழுத்த லோகாட் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் இருக்கும்வரை, வண்டியில் இருப்பது பழுக்காதது என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் இல்லாதபோது புளிப்பே அப்பழத்தின் இயல்பு என்றாகிவிடும். பிறகு அதை இனிக்கும்வரை மரத்தில் விடவேண்டும் என்று கேட்பவரும், அதற்கு விலை தர முன்வருபவரும் இருக்கமாட்டார்கள்.

பெயரின் கதையும் சுவையின் கதையும் இந்த இடத்தில் ஒத்திருக்கின்றன. சீனக் கிச்சிலியின் பெயர் இப்பழத்தின்மேல் ஏறியது ஒரு பிழையால். லி ஷிஜென் எழுதிவைத்த திருத்தம் நூலில் இருந்தது. சந்தையில் வழங்கிய பெயரே வென்றது. பெயரைப் பொறுத்தவரை அதனால் பெரிய கேடில்லை. மொழியில் பிழைகள் வழக்காகி, வழக்கு இலக்கணமாவது இயற்கை. லோகாட் என்ற சொல் இன்று அதற்கு உரிய பெயர்தான். சுவையைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட இயலாது. சந்தையில் கிடைப்பதையே பழத்தின் இயல்பு என்று எழுதிவைத்தால், அது ஒரு விநியோக முறையின் குறையைத் தாவரத்தின் குணமாக மாற்றுகிறது.

அகராதிகள், பாடநூல்கள், தோட்டக்கலைக் கையேடுகள் ஆகியவற்றில் ஓர் உணவுப்பொருளின் சுவை பதிவாகும்போது, அதைச் சுவைத்தவர் எங்கு நின்று, எந்த நிலையில் இருந்த பொருளைச் சுவைத்தார் என்ற கேள்வி பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. வேளாண் வரலாற்றிலும் உணவு வரலாற்றிலும் பயில்வோர் கேட்கவேண்டிய கேள்வி அது. ஹாப்சன்-ஜாப்சனின் முதல் வரி லோகாட் இளம்புளிப்பு என்கிறது. அதே பதிவில் ஹூலின் சாட்சியத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுத்தால். அந்த ஒரு சொல்லை நிறைவேற்றத் தேவைப்பட்டவை நிலமும் நேரமும் கூலியும். அவை யாரிடம் இருந்தன, யாரிடம் இல்லை என்பதே இந்தியாவில் இப்பழத்தின் வரலாறு.